செல்ஃப் அழுத்தினா நியூட்ரல் லைட் அணையுது, பேட்டரி புதுசு, வண்டி எடுக்க மாட்டேங்குது, என்னதான் பண்றது?

மடிப்பாக்கம்_150

வணக்கம் மக்களே. ரொம்ப நொந்து போய் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

வண்டி 2014 மாடல் 150 சிசி, கார்புரேட்டர், செல்ஃபும் உண்டு கிக்கரும் உண்டு. 71 ஆயிரம் ஓடிருச்சு. இத்தனை வருஷத்துல பெருசா ஒரு செலவும் வச்சதில்ல. போன மாச மழையில எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு, அதுல ஸ்டார்ட் பண்ணல, தள்ளிட்டுதான் வந்தேன். அப்புறம் ஒரு வாரம் நல்லாதான் ஓடுச்சு. அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது வினை.

காலைல கீழ பார்க்கிங்ல போய் சாவி போட்டா நியூட்ரல் லைட் பளிச்சுனு எரியுது. செல்ஃப் அழுத்தினா லைட் அப்படியே மங்கி அணையுது, சீட்டுக்கு அடியில இருந்து ஒரு 'டிக்', சில நாள் அதுவும் இல்ல. ஹாரன் அடிச்சா மூக்கடைச்ச ஆடு மாதிரி ஒரு சத்தம். கிக்கர் முப்பது தடவ அடிச்சு சட்டை நனைஞ்சதுதான் மிச்சம். ஆனா வாட்ச்மேன் தாத்தாவ கூப்ட்டு கேட் வரைக்கும் தள்ளி செகண்ட் கியர்ல கிளட்ச விட்டா உடனே எடுத்துருது!! சாயங்காலம் ஆபீஸ்ல ஒரே அமுக்குல ஸ்டார்ட். நைட்டு முழுக்க நின்னா பேட்டரி இறங்குதுன்னு நானும் நெனச்சேன், மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். பழசை எக்ஸ்சேஞ்ச் போட்டு புது பேட்டரி 1,450 ரூபா. ரெண்டு நாள் ஜம்முனு எடுத்துச்சு. மூணாவது நாள் மறுபடி அதே கதை.

வேற ஒரு கடைல காமிச்சேன், அவர் வண்டிய தொடக்கூட இல்ல, 'சிடிஐ போயிருச்சு, 2,800 ஆகும், ஆர்டர் போடணும்'ங்கறார் (சிடிஐன்னா பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கற எலக்ட்ரானிக் பெட்டி). மாசக் கடைசி. போடலாமா வேணாமா? ஸ்பார்க் பிளக் போன சர்வீஸ்லதான் மாத்தினது. பெட்ரோல் இருக்கு (கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்).

ராயல்_ரகளை

ப்ரோ சிடிஐ தான். எனக்கும் இதே மாதிரி மழைல நனைஞ்சு போச்சு, மாத்துனதும் சரியாயிடுச்சு. புதுப்பேட்டைல செகண்ட் ஹேண்ட் தேடுங்க, பாதி விலைக்கு வரும்.

ஸ்பேனர்_செட்

மேல சொன்ன தலைவருக்கு ஒரு கேள்வி. சிடிஐ போனா ஸ்பார்க் வராது, சரி. ஆனா செல்ஃப் மோட்டார் சுத்தணுமே? இவருக்கு மோட்டாரே சுத்தல, ஹாரன் வீக்கா இருக்கு. ஹாரனுக்கும் சிடிஐக்கும் என்ன சொந்தம்? சாயங்காலம் ஒரே அமுக்குல எடுக்குதுன்னா அது செத்துப்போன சிடிஐயா?

மடிப்பாக்கம் நண்பா, 2,800 ரூபாய பாக்கெட்லயே வச்சிக்கோங்க. முதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, எலக்ட்ரிக்கல் கடைல முன்னூறு நானூறுக்கு கிடைக்கும். டிசி 20 வோல்ட்ல வச்சு பேட்டரி ரெண்டு முனைலயும் வைங்க. காலைல, சாவி போடறதுக்கு முன்னாடி. 12.6க்கு மேல இருந்தா ஃபுல் சார்ஜ். 12.2 கிட்ட இருந்தா பாதிதான் இருக்கு. 12க்கு கீழன்னா ராத்திரில ஏதோ ஒண்ணு குடிச்சிட்டிருக்கு, இல்ல வண்டி ஓடும்போது சார்ஜே ஏறல. அப்புறம் முனைல குத்தி வச்சுக்கிட்டே செல்ஃப் அழுத்துங்க, எவ்ளோ இறங்குதுன்னு பாருங்க. 10க்கு கீழ போனா பேட்டரி வீக். எடுத்தப்புறம் ஆக்சிலேட்டர் கொஞ்சம் முறுக்கி பாருங்க, 13.5ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். 15 தாண்டுச்சுன்னா ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்ட அளவா வச்சிருக்கறது) போச்சு, புது பேட்டரிய வேக வச்சிடும்.

நம்பர் போடுங்க, அப்புறம் பேசுவோம்.

கில்ஸ்விட்ச்_கீதா

சீரியஸா பேசிட்டு இருக்கீங்க, நடுவுல என் மானம் போன கதை. என்னுது பிஎஸ் 6 வண்டி, இஞ்செக்ஷன், கிக்கர் கிடையாது. ஒரு நாள் செல்ஃப் வேலை செய்யல. அண்ணன் தள்ளினான், தம்பி தள்ளினான், அப்பா பேட்டரி கழட்டி மாட்டினார், ரெண்டு மணி நேரம். கடைசில பால் போட வந்த பையன் ஹேண்டில்ல செவப்பு சுவிட்ச தட்டிட்டு 'அக்கா இது ஆஃப்ல இருக்கு'ன்னான். அதனால கில் சுவிட்ச், சைட் ஸ்டாண்ட், கிளட்ச் சுவிட்ச் மூணையும் பாத்துட்டு மத்தத பாருங்க. என்னுது மாதிரி இஞ்செக்ஷன் வண்டிக்காரங்களுக்கு ஒண்ணு, சாவி போட்டதும் டேங்க்குள்ள 'உய்ங்'னு ரெண்டு மூணு செகண்ட் பம்ப் சத்தம் வரணும், அது வரலைன்னா கில் சுவிட்ச், ஃப்யூஸ் பக்கம் போங்க. பேட்டரி சுத்தமா செத்தா பம்பும் ஓடாது, தள்ளி எடுக்கறதும் கஷ்டம்.

மடிப்பாக்கம்_150

கீதா சிஸ் 😂 கில் சுவிட்ச் ஆன்லதான் இருக்கு. சைட் ஸ்டாண்ட் சென்சார்லாம் என் வண்டில கிடையாது.

ஸ்பேனர் ப்ரோ, மீட்டர் வாங்கிட்டேன். காலைல பேட்டரி 12.74. செல்ஃப் அழுத்தினா 12.68. அதாவது இறங்கவே இல்ல! ஆனா நியூட்ரல் லைட் அணைஞ்சு போச்சு. தள்ளி எடுத்தப்புறம் ரேஸ் பண்ணி பாத்தேன், 14.2. எனக்கு ஒண்ணும் புரியல. பேட்டரி நல்லாருக்கு, சார்ஜும் ஏறுது, அப்ப லைட் ஏன் அணையுது?

ஃப்யூஸும் கழட்டி பாத்தேன், அறுந்து போகல.

ஸ்பேனர்_செட்

சூப்பர் தல. இந்த நம்பர்தான் வேணும். செல்ஃப் மோட்டார் சுத்தினா பேட்டரி கண்டிப்பா ஒரு வோல்ட் ரெண்டு வோல்ட் இறங்கும். உங்களுக்கு இறங்கவே இல்லன்னா பேட்டரில இருந்து பெருசா கரண்டே வெளிய போகலன்னு அர்த்தம். நடுவுல எங்கயோ அடைப்பு. எர்த்தா (பேட்டரி மைனஸ்ல இருந்து சேசிஸுக்கு போற இணைப்பு) இருக்கலாம், ஃப்யூஸ் காலா இருக்கலாம். ஃப்யூஸ் அறுந்திருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அத சொருகுற தகடு பச்சையா களிம்பு புடிச்சிருக்கா, பிளாஸ்டிக் உருகியிருக்கான்னு பாருங்க. நம்ம ஒயரிங் அண்ணன் வந்தா தேவல.

ஒயரிங்_மதுர

கூப்ட்டியாக்கும். கடைய இப்பதான் அடச்சேன்.

தம்பி மடிப்பாக்கம், நான் இருவது வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலதான் பாக்குறேன், சொல்றத பொறுமையா கேளு. நீ எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு. பேட்டரி மட்டும் வீக்கா இருந்தா கிக்கர் அடிச்சா அனேகமா எடுத்துரணும், ஒன் வண்டிக்கு முப்பது அடிக்கும் எடுக்கல. ஏன்னா ஒன்னுது டிசி சிடிஐ, அதுக்கு பேட்டரி லைன்ல இருந்துதான் சப்ளை. பழைய ஏசி சிடிஐ வண்டின்னா பேட்டரியவே கழட்டி வச்சிட்டு கிக்கர்ல ஓட்டலாம், இதுல முடியாது. அப்ப செல்ஃப் ரிலே (பட்டன அழுத்துனா மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்), ஹாரன், சிடிஐ மூணுக்கும் ஒண்ணா பொதுவா இருக்குற எடத்துலதான் கோளாறு. அது எதுன்னா, பேட்டரி பிளஸ், மெயின் ஃப்யூஸ், அங்கருந்து மேல சாவி சுவிட்சுக்கு போற ஒயர், சுவிட்ச், திரும்பி வர்ற ஒயர். இவ்வளவுதான் பாதை. எர்த்தும் பொதுதான், அதையும் விடக்கூடாது.

நியூட்ரல் லைட் எரியுதேன்னு கேப்ப. அந்த சின்ன பல்பு கால் ஆம்பியர்கூட இழுக்காது. ரிலே காயில் மூணு நாலு ஆம்பியர் இழுக்கும். மாடில டேங்க் நெறைய தண்ணி இருக்கு, பைப்புக்குள்ள பாசி அடச்சுக் கெடக்குன்னு வச்சுக்க. கீழ டேப்ப சொட்டு சொட்டா விட்டா ஒண்ணும் தெரியாது, முழுசா தொறந்தாதான் நூலா வரும். மீட்டர் வச்சா 12 காட்டுதுன்னு பாதிப்பேரு ஏமாறுறது இங்கதான். மீட்டர் தண்ணி குடிக்காதுல்ல. அதனாலதான் நான் இன்னமும் டெஸ்ட் லேம்ப்தான் வச்சிருக்கேன், ஒரு இண்டிகேட்டர் பல்பு ரெண்டு ஒயர், அவ்வளவுதான் கருவி. பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சா லைன் நல்ல லைன்.

இப்ப செய்ய வேண்டியது. வண்டி நியூட்ரல்ல இருக்கட்டும். மீட்டர் கருப்ப பேட்டரி மைனஸ்ல வை, செவப்ப பேட்டரி பிளஸ்ல வைக்காம ஃப்யூஸ் தாண்டி அடுத்த பக்கம் வை, சாவி போட்டு செல்ஃப் அழுத்து. 12 நின்னா ஃப்யூஸ் ஓகே. அப்புறம் ஹெட்லைட்ட கழட்டி சாவி சுவிட்ச் கப்ளர்ல (ஒயருங்கள சேக்குற பிளாஸ்டிக் சொருகி) உள்ள வர்ற ஒயர்ல பின்னால குத்தி வச்சு அழுத்து. அப்புறம் வெளிய போற ஒயர். எந்த ரெண்டு எடத்துக்கு நடுவுல வோல்ட் விழுதோ அதுக்கு நடுவுலதான் திருடன். எர்த்துக்கு, செவப்ப இன்ஜின் மேல வச்சு கருப்ப பேட்டரி மைனஸ்ல வச்சு அழுத்து, அரை வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது, ஆனா அந்த டெஸ்ட்டு மோட்டார் சுத்துனாத்தான் சரியா சொல்லும்.

இன்னொரு கேள்வி. காலைல எடுக்கல, சாயங்காலம் எடுக்குது. ரெண்டு எடத்துலயும் வண்டிய எப்படி நிறுத்துவ? ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பி இருக்கும்? தள்ளும்போது நேரா இருக்கும்ல?

மடிப்பாக்கம்_150

அண்ணே.

அண்ணே எனக்கு புல்லரிக்குது. எங்க பார்க்கிங்ல என் எடம் தூணுக்கும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கும் நடுவுல. இடது பக்கம் லாக் போட்டு நிறுத்துவேன், காலைல லாக் எடுத்தாலும் ஹேண்டில நேராக்க எடம் இருக்காது, திருப்புனாப்லயே உக்காந்து ஸ்டார்ட் பண்ணி அப்படியே பின்னால எடுப்பேன். ஆபீஸ்ல ஷெட்டுக்குள்ள நேரா நிறுத்துவேன். புது பேட்டரி போட்ட ரெண்டு நாளும் எதிர் வீட்டுக்காரர் ஊருக்கு போயிருந்தார், அவர் எடத்துல நேரா நிறுத்தினேன்!!!

இன்னொண்ணும் ஞாபகம் வருது. ரெண்டு வாரம் முன்னாடி மேடவாக்கம் கிட்ட யூ டர்ன் போடும்போது ஒரு வெட்டு வெட்டி ஆஃப் ஆச்சு. பெட்ரோல் அடைப்புன்னு விட்டுட்டேன்.

இப்பவே கீழ போறேன். டார்ச் எடுத்துக்கறேன்.

ராயல்_ரகளை

மணி பதினொண்ணே கால் ப்ரோ 😄 வாட்ச்மேன் தாத்தா திருடன்னு நெனச்சிடப்போறார்

மடிப்பாக்கம்_150

வந்துட்டேன். தாத்தாவே டார்ச் புடிச்சார்.

ஹேண்டில் நேரா வச்சு செல்ஃப் அழுத்தினேன், எடுத்துச்சு. ஆஃப் பண்ணி இடது பக்கம் முழுசா திருப்பினேன், லைட் மங்குது, டிக். நேராக்கினேன், எடுக்குது. மூணு தடவ மாத்தி மாத்தி பாத்தேன், சொல்லி வச்ச மாதிரி. ஒண்ணரை மாசமா இதுக்குதான் லோல் பட்டிருக்கேன்.

அப்புறம் நீங்க சொன்னாப்ல ஃப்யூஸ் தாண்டி வச்சேன், ஹேண்டில் இடது, செல்ஃப் அழுத்தினா 12.6. நல்லாருக்கு. ஹெட்லைட்ட கழட்டி சாவி சுவிட்ச் கப்ளர்ல தடிச்ச செவப்பு ஒயர்ல குத்தினேன், சும்மா இருக்கும்போது 11.7, செல்ஃப் அழுத்தினா 4.9!! ஹேண்டில் நேரா இருந்தா அதே எடத்துல மோட்டார் சுத்தும்போதே 11க்கு மேல நிக்குது. அப்ப சுவிட்ச் இல்ல, ஃப்யூஸும் இல்ல, நடுவுல வர்ற செவப்பு ஒயர்தானே?

ஒயரிங்_மதுர

அதேதான். கழுத்துல பாரு. டேங்க்குக்கு முன்னாடி சேசிஸ் கழுத்து ஓரமா ஒயரிங் கட்டு வளைஞ்சு மேல வரும்ல, ஒரு நாளைக்கு எத்தன தடவ ஹேண்டில திருப்புற, பத்து வருஷமா அதே எடத்துல மடங்கி மடங்கி விரியுது. மேல தோலு நல்லாத்தான் இருக்கும், உள்ள செம்பு இழை ஒண்ணொண்ணா அறுந்து, அறுந்த முனையெல்லாம் சும்மா ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு கெடக்கும். அதுல மழத்தண்ணி எறங்கி களிம்பு புடிச்சா முடிஞ்சுது. விரல்ல ஒயர ஒரு ரெண்டு இஞ்ச் விட்டு ரெண்டு பக்கமும் புடிச்சு மெல்ல இழு, அறுந்த எடத்துல தோலு மட்டும் ரப்பர் மாதிரி நீளும். அதான் அடையாளம்.

சரி பண்ணும்போது பேட்டரி மைனஸ் மொதல்ல கழட்டிரு, மாட்டும்போது அது கடைசி. ஸ்பேனர் சேசிஸ்ல பட்டா பொறி பறக்கும். கருத்துப்போன செம்ப வச்சு ஒட்டுப்போடாத, ஈயம் புடிக்காது, பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் ரெண்டு பக்கமும் வெட்டு. அதே தடிமன்ல ஆட்டோ ஒயர் வாங்கு, வீட்டு ஒயரிங் ஒயர் வேணாம், அதுல இழை தடிப்பா கம்மியா இருக்கும், வளைவுல ஆறு மாசம்கூட தாங்காது. ஜாயிண்ட்ட மடங்குற எடத்துலயே போடாத, வளைவு முழுக்க புது ஒயரா வரட்டும், ஒட்டு ரெண்டும் ஆடாத எடத்துல விழட்டும். சால்டர் வச்சு, சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டு சூடு காட்டு. சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துறத பாத்தா எனக்கு ஆத்திரம் வரும், வெயில்ல பசை உருகி வழிஞ்சு தூசியோட சேந்து அது ஒரு கண்றாவி. ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாத்துட்டு, ஒயர் இழுபடாம கொஞ்சம் தொய்வு விட்டு கட்டு. பக்கத்துல வர்ற மத்த ஒயரையும் அப்படியே இழுத்துப் பாத்துரு, ஒண்ணு அறுந்தா கூடப் பொறந்ததும் அறுந்துபோகத் தயாரா இருக்கும்.

புது_பழகுநர்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு செல்ஃப் அழுத்தினா 'டிக்டிக்டிக்டிக்'னு வேகமா அடிக்குது, லைட்டும் சேந்து துடிக்குது. இதுவும் கழுத்து ஒயரா?

ஸ்பேனர்_செட்

இல்ல நண்பா, அது முக்காவாசி பேட்டரிதான், இல்ல பேட்டரி முனை லூசா இருக்கும். ரிலே புடிக்குது, மோட்டார் இழுத்ததும் வோல்ட் சரியுது, ரிலே விடுது, மறுபடி புடிக்குது, அதான் அந்த சத்தம். முதல்ல முனைல வெள்ளை பூத்திருந்தா சுடுதண்ணி ஊத்தி பழைய பிரஷ்ல தேய்ச்சு, துடைச்சு, இறுக்கிட்டு கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க. அப்பவும் அடிச்சா மேல சொன்ன மாதிரி வோல்ட் பாருங்க. 'டக்'னு ஒரே ஒரு கனமான சத்தம் வந்து மோட்டார் சுத்தலைன்னா வேற, ரிலே உள்ள காண்டாக்ட் கருகியிருக்கும், இல்ல மோட்டார் கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். எதுக்கும் தனி த்ரெட் போடுங்க, இங்க கலந்தா குழம்பிடும்.

ராயல்_ரகளை

சிடிஐ மாத்த சொன்னதுக்கு சாரி ப்ரோ. உண்மைய சொல்லணும்னா எனக்கும் மாத்துனப்ப கப்ளர கழட்டி மாட்டினதுல களிம்பு தேய்ஞ்சுதான் சரியாச்சோன்னு இப்ப சந்தேகமா இருக்கு. பழசு வீட்லதான் கெடக்கு, மாட்டி பாக்கறேன்.

மடிப்பாக்கம்_150

ஞாயித்துக்கிழமை அப்டேட்.

டேங்க் கழட்டி கழுத்துகிட்ட கட்டுப் பிரிச்சேன். கறுப்பு டேப், அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ள மண்ணு. செவப்பு ஒயர புடிச்சு மெல்ல இழுத்தேன், ஒரு எடத்துல மட்டும் அண்ணன் சொன்ன மாதிரியே நீண்டுச்சு. பிளேடால தோல கீறினா உள்ள செம்பே இல்ல, பச்சைப் பொடி. ஊதினதும் பறந்துச்சு. ரெண்டே ரெண்டு இழை மட்டும் தலைமுடி மாதிரி தொட்டுட்டு இருந்துச்சு, தொட்டதும் அதுவும் போச்சு. இதுல இருந்துதான் இவ்ளோ நாள் ஆபீஸ் போயிட்டு வந்திருக்கேன்.

அங்க இருந்து ரெண்டு பக்கமும் வெட்ட வெட்ட கருப்பாவே வந்துச்சு, கிட்டத்தட்ட ஒரு ஜாண் போன அப்புறம்தான் பளிச் செம்பு. பக்கத்துல ஒரு கறுப்பு ஒயரும் நீளுது, அதையும் மாத்திட்டேன். ஒயர், ஸ்லீவ் எல்லாம் சேத்து 60 ரூபா. சால்டரிங் அயர்ன் பக்கத்து ஃபிளாட் பையன் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கினது, அவனே புடிச்சு ஒட்டுனான், நான் வச்ச முதல் ஒட்டு கேவலமா இருந்துச்சு. இப்ப இடது வலது எப்படி திருப்பினாலும் அதே கப்ளர்ல வோல்ட் அசையல, ஒரே அமுக்கு. ஹாரன் அடிச்சதுல மூணாவது மாடில இருந்து எட்டிப் பாத்து திட்டுறாங்க, அவ்ளோ சத்தம்.

மதுர அண்ணே, மெட்ராஸ் பக்கம் வந்தா சொல்லுங்க, பிரியாணி என் செலவு.

ஒயரிங்_மதுர

நல்லது தம்பி. பிரியாணி இருக்கட்டும், அந்தப் பழைய பேட்டரி என்னாச்சு? அது நல்ல பேட்டரியா இருந்திருக்குமே.

மடிப்பாக்கம்_150

எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்ணே. 250 ரூபா கழிச்சாங்க. போன தீபாவளிக்குதான் வாங்கினது.

கில்ஸ்விட்ச்_கீதா

🤦‍♀️